கார் இருந்தால் நிரபராதி, மொபெட் இருந்தால் குற்றவாளி

என் அப்பாவிடம் இருப்பது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். நாகூரிலிருந்து வேலைக்குப் போகும் வயல் வரைக்கும், வயலில் வேலை இல்லாத நாட்களில் நாகப்பட்டினம் மார்க்கெட் வரைக்கும் போகும். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் அம்மா என்றால் நாற்பதைத் தாண்டாது. எங்கள் பக்கம் மேடு பள்ளம் கிடையாது. வெட்டாற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது முறுக்கினாலும் அந்த வண்டி அறுபதைத் தொட்டதில்லை.

அது 94 கிலோமீட்டர் வேகத்தில் போனதாகக் கடந்த ஆண்டு ஒருநாள் மாலை அப்பாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. இடம், எங்கள் வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தேசிய நெடுஞ்சாலை. அந்த மாவட்டத்துக்குள் அவர் வாழ்நாளில் வண்டி ஓட்டிப் போனதில்லை. அபராதம் 1000 ரூபாய்.

செய்தியை நான் படித்துச் சொன்னதும் அப்பா சொன்ன முதல் வாக்கியம் இது: "ஆயிரம் ரூபாதானே தம்பி, கட்டிட்டு வந்திரு. நம்ம வாசல்ல போலீசு வந்து நிக்கக் கூடாது."

கவனியுங்கள். "நான் அங்கே போகவே இல்லையே" என்று அவர் சொல்லவில்லை. "என் வண்டி அந்த வேகம் போகாதே" என்றும் சொல்லவில்லை. அவையெல்லாம் பிறகு, நான் கேட்டபோதுதான் வந்தன. முதலில் வந்தது "கட்டிட்டு வந்திரு". அறுபது வயதைக் கடந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு, தான் செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்வது ஏன் முதல் வாக்கியமாக வரவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஆயிரம் ரூபாயைப் பற்றியது அல்ல.

ஆனால் ஆயிரம் ரூபாயும் சும்மா இல்லை. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண்வெட்டி பிடித்தால்தான் அந்தப் பணம்.

ஒரு தொலைபேசி அழைப்பின் விலை

தெருமுனை நெட் சென்டரில் அரசு இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். அபராதத்தோடு ஒரு படமும் இருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக் கார். நம்பர் பலகையில் ஒரே ஓர் எழுத்து வேறு: 'எம்' இருக்கும் இடத்தை 'என்' என்று கருவி படித்திருக்கிறது. கார் தெரிகிறது, நான்கு சக்கரம் தெரிகிறது. ஆனால் அபராதம் மொபெட்டுக்கு. யாராவது ஒரு மனிதர் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. யாரும் பார்க்கவில்லை.

நெட் சென்டர் வைத்திருக்கும் நானா சிரித்தார். "எனக்கே ரெண்டு தடவை வந்துச்சு தம்பி. கட்டிட்டேன். நாளைக்கு வண்டிய விக்கப் போனா தொல்லை கொடுப்பானுவோ" என்றார். ஊர் முழுக்க இதுதான் பதில். பாய்மார் தெருவிலும் இதுதான், மீனவக் குப்பத்திலும் இதுதான், எங்கள் தெருவிலும் இதுதான்.

இணையத்தில் புகார் போட்டேன். மூன்று வாரம் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தது. காரணம் எழுதப்படவில்லை. அபராதம் போட்ட மாவட்டத்துக்குப் பேருந்தில் போனேன். வண்டியின் ஆர்.சி. புத்தக நகல், எக்ஸ்எல்லின் படம், காரின் படம் எல்லாம் கையில். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எந்த ஊரு?" நாகூர் என்றேன். "நாகூர்ல எங்க, தர்கா பக்கமா?" இல்லை என்றேன். "அப்ப எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னேன். எங்கள் தெருவுக்கு அம்பேத்கர் பெயர். அதற்கடுத்த வாக்கியத்தில் 'நீங்க' 'நீ' ஆகிவிட்டது. நான் முனைவர் பட்ட ஆய்வாளர் என்று சொன்னதும், "பி.எச்.டி. படிக்கிறியாம், ஆயிரம் ரூபா கட்ட முடியாதா? ஸ்டைபண்ட் வருதுல்ல?" என்றார். படத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

இரண்டாவது முறை போனபோது "அய்யா இல்லை". மூன்றாவது முறை போகவில்லை. என்னோடு கல்லூரியில் படித்து இப்போது வழக்கறிஞராக இருக்கும் நண்பர், தன் சீனியரிடம் சொல்லி அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட வைத்தார். பத்து நிமிடத்தில் அபராதம் ரத்தானது. மன்னிப்பும் கேட்டார்களாம், சீனியரிடம்.

நான் வென்றுவிட்டேன் என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள். எனக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். படம் மாறவில்லை. ஆவணம் மாறவில்லை. உண்மை மாறவில்லை. எங்கள் தெருவிலிருந்து வந்த வாய் சொன்னபோது பொய்யாக இருந்தது, சீனியரின் வாய் சொன்னபோது பத்து நிமிடத்தில் உண்மையாகிவிட்டது. மாறியது சொன்ன ஆள் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படிக்கும் தோழர்கள் பலருக்கும் பைக் உண்டு. ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்துக்கான தண்டனைப் பிரிவு 183. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு ரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 ரூபாய் வரை. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. ஒரே ஒரு சாட்சி, "இவர் வேகமாகப் போனார் என்று எனக்குத் தோன்றியது" என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. இயந்திரமோ மின்னணுக் கருவியோ கொண்டு அளந்ததாகக் காட்ட வேண்டும் என்கிறது அது. சாலையோரம் நிற்கும் காவலரின் கண், வேகமானி அல்ல என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் கருவி? 2019 திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. 2021 ஆகஸ்டில் அதற்கான 167ஏ விதி வந்தது. கருவி துல்லியமானது, சரியாக வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும்; அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கும் சாலைப் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றத்தையும் நம்பர் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று ஆகியவை அபராத அறிவிப்போடு இருக்க வேண்டும்.

காகிதத்தில் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் நடைமுறை எப்படி? அபராதம் கட்ட ஒரு பொத்தான். மறுப்பதற்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் நீதிமன்றம் அது. நாகூரிலிருந்து இருநூறு கிலோமீட்டர். வாய்தாவுக்கு ஒருநாள் கூலி, பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வக்கீல் பீஸ். இரண்டு வாய்தாவில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆக, குற்றம் செய்தவன் கட்ட வேண்டியது ஆயிரம். செய்யாதவன் தன்னை நிரூபிக்கக் கட்ட வேண்டியது அதைவிட அதிகம். இந்தக் கணக்கு தெரிந்த எந்த ஏழையும் குற்றத்தை ஒப்புக்கொள்வான். அந்த ஒப்புதலை வாங்கிக்கொண்டு, "சட்டத்தை மதித்துக் கட்டிவிட்டார்கள்" என்று அரசு கணக்கு எழுதுகிறது.

லோக் அதாலத்துக்குப் போகச் சொல்கிறார்கள் சிலர். அங்கே தொகையைக் குறைத்துத் தருவார்களாம். செய்யாத குற்றத்தில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்வது என்ன நீதி?

"கேமராவுக்குச் சாதி தெரியுமா?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். முற்போக்காளர்களிடமிருந்தே வரும். "எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்காதீர்கள். கேமராவுக்குச் சாதி தெரியுமா? தவறு யாருக்கும் நடக்கும்."

தெரியாதுதான். கேமரா எம்-மை என் என்று படித்ததில் சாதி இல்லை. அந்தத் தவறு ஒரு பண்ணையார் வீட்டுக் காருக்கும் நடக்கலாம். ஆனால் தவறு நடந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. பண்ணையார் வீட்டில் குறுஞ்செய்தி வந்ததும் "யாருக்குப் போன் போடலாம்?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் "எப்படிக் கட்டலாம்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி வித்தியாசத்தை எந்தக் கருவியும் உண்டாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்படுத்தியது அது.

தவறு எல்லோருக்கும் நடக்கும். தவறைத் திருத்திக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார். சந்தேகத்தின் பலனும் இங்கே படிநிலைப்படிதான் வழங்கப்படுகிறது. மேலே போகப் போக நம்பிக்கை கூடுகிறது. கீழே வரவர ஆதாரம் கேட்கிறார்கள். அடியில் இருப்பவனிடம் ஆதாரம் இருந்தாலும் பார்ப்பதில்லை.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2015 முதல் 2019 வரை கேமராக்கள் போட்ட அபராதங்களை ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அபராதம் விழுந்திருந்தது. கேமராவுக்கு நிறம் தெரியாது. ஆனால் எந்தப் பகுதியில் நடைபாதை போடுவது, எந்தப் பகுதியை வெறும் அகலச் சாலையாக விட்டுவிடுவது என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரியும்.

அதே நாட்டின் பெர்குசன் நகரக் காவல்துறையைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நகர மக்களில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். சாலையில் நிறுத்தப்பட்ட வாகனங்களில் அவர்களுடையது 85 சதவீதம், அபராதச் சீட்டுகளில் 90 சதவீதம், கைதுகளில் 93 சதவீதம். நகராட்சியின் வருமானத்துக்காகவே அபராதம் போடப்பட்டது என்று அந்த அறிக்கை சொன்னது. மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டு, மக்கள் வீதிக்கு வந்த பிறகுதான் இந்தக் கணக்கு வெளியே வந்தது. இங்கே யாரிடம் எவ்வளவு அபராதம் வசூலிக்கிறார்கள் என்ற கணக்கைத் தெருவாரியாக எடுத்தால் என்ன வரும்? நமக்கென்று அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்றுகூட நாம் இதுவரை கேட்கவில்லை.

கேமராவை விடுங்கள். எங்கள் ஊர் மாநிலத்தின் விளிம்பில் இருக்கிறது. நாகூரைத் தாண்டி வாஞ்சூர் போனால் காரைக்கால். எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு வண்டிச் சோதனை அன்றாடம். யாரை நிறுத்துவது, யாரைப் போகவிடுவது என்று எந்தச் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. அதைக் கண் முடிவு செய்கிறது. 'ஆண்ட பரம்பரை' என்று கண்ணாடியில் ஒட்டிய கார் போய்விடுகிறது. நீலக் கொடி ஒட்டிய பைக் ஓரம் கட்டப்படுகிறது. தொப்பி போட்ட பையன் ஓரம் கட்டப்படுகிறான். இதற்குப் புள்ளிவிவரம் இல்லை என்பார்கள். புள்ளிவிவரம் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

வெண்மணியின் கார்

நாகூரிலிருந்து அப்பாவின் எக்ஸ்எல்லில் போனால் ஒரு மணி நேரத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேரை எரித்துக் கொன்ற ஊர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை நம் இயக்கத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். குற்றம்சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், பெருநிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துவந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் நீதிமன்றம் எழுதியது.

அப்பாவின் அபராதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பும்போது எனக்கு நினைவு வந்தது அந்தக் கார்தான். 44 பேர் சாம்பலான வழக்கில், கார் வைத்திருப்பது ஒரு மனிதன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்பதற்குச் சான்றானது. இத்தனை ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில், படத்தில் கார் இருந்தும், மொபெட் வைத்திருப்பவன் தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒரு படுகொலையையும் ஒரு ஆயிரம் ரூபாய் அபராதத்தையும் சமமாக வைக்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: யாரைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது?

வண்டி இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1929இல் சாலிஸ்கானுக்குப் போன அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்ட, வண்டி விபத்துக்குள்ளாகி அவர் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். அப்போது அவர் வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பிய பாரிஸ்டர். வண்டிக்காரனுக்கு அவர் தீண்டத்தகாதவர் மட்டுமே. நம் ஊர்த் தெருக்களில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போன கதையை நம் தாத்தாக்கள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். அது தாத்தா காலத்தோடு முடிந்ததா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. "உங்க சாதிக்கு புல்லட்டா?" என்பதுதான் காரணம் என்று புகார் சொன்னது. மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள்.

சாலைச் சோதனை என்பது எளியவர்களுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் டெல்டா பார்த்திருக்கிறது. 2018 மார்ச் 7 அன்று திருச்சி-தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர் பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன மோட்டார்சைக்கிளைக் காவல் ஆய்வாளர் துரத்திப்போய் எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். மக்கள் சாலையை மறித்த பிறகு ஆய்வாளர் கைதானார். ஒரு ஹெல்மெட் குற்றத்துக்குச் சட்டம் சொல்வது அபராதம். சாலையில் கிடைத்தது மரணம். அப்பா "வாசல்ல போலீசு வரக் கூடாது" என்று சொன்னது கோழைத்தனம் அல்ல. அது கற்றுக்கொண்ட பாடம்.

வேகத்துக்கு ஆதரவாக எழுதவில்லை

நான் வேகத்தை ஆதரிக்கவில்லை. சாலையில் சாவது யார்? ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுகளுக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நடந்து போகிறவரும், எக்ஸ்எல்லில் போகிறவரும், கதிர் அறுத்துவிட்டு லோடு ஆட்டோவில் திரும்புகிறவரும் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு நம் உயிரைக் காப்பாற்றும் வழக்கு. கேமரா வேண்டும். காவலரின் கண்ணைவிடக் கேமரா மேல் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வெள்ளைக் காரை நினைத்துப் பாருங்கள். 94 கிலோமீட்டர் வேகத்தில் உண்மையிலேயே பறந்தது அது. யாரையாவது அடித்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். அப்பா அபராதத்தைக் கட்டியிருந்தால் அந்தக் காரின் குற்றம் எங்கள் கணக்கில் எழுதப்பட்டு முடிந்திருக்கும். கார்க்காரருக்குத் தான் பிடிபட்டதே தெரியாது. அடுத்த முறையும் பறப்பார். தவறான ஆளிடம் அபராதம் வாங்குவது சாலைப் பாதுகாப்பா? அது வேகமாகப் போனவருக்கு அரசு கொடுக்கும் மன்னிப்பு.

இதே சட்டத்தில் 210பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரிகளே இந்தச் சட்டத்தின்படி குற்றம் செய்தால் இரண்டு மடங்கு தண்டம். அதிகாரியின் பொறுப்பு கூடுதல் என்று 2019இல் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் படத்தைப் பார்க்காமல் அபராதம் அனுப்பியவருக்கும், பார்க்க மறுத்தவருக்கும் தண்டம் எதுவும் இல்லை. தவறாக அனுப்பியவருக்கு நட்டம் இல்லாதவரை தவறு குறையாது.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

2012இல் டிமிட்ரி கிரியூகோவ் என்ற இயற்பியலாளர், நிறுத்தக் குறியில் வண்டியை நிறுத்தவில்லை என்று கலிபோர்னியாவில் தனக்கு விதிக்கப்பட்ட 400 டாலர் அபராதத்தை எதிர்த்து, நான்கு பக்க ஆய்வுக் கட்டுரை எழுதி வென்றார். காவலரின் கண் எப்படி ஏமாந்திருக்கும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். உலகமே ரசித்தது. நானும் ஆய்வாளன்தான். என் கட்டுரையை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். தெருப் பெயரோடு நின்றிருப்பார்கள். கெட்டிக்காரர்கள் தப்பிக்கும் வழி நமக்குத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் "இது நானில்லை" என்று சொன்னால் கேட்கப்படும் வழி தேவை.

ஆகவே கோரிக்கைகள். அபராத அறிவிப்பு தமிழில், படத்தோடு, கருவிச் சான்றிதழ் எண்ணோடு வர வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் படத்தையும் வாகன வகையையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். மறுப்பவர் தான் வாழும் வட்டத்திலேயே மறுக்க முடிய வேண்டும். இருநூறு கிலோமீட்டர் அலையவிடக் கூடாது. நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும். தவறு என்று தெரிந்தால் அலைந்த நாளுக்கான கூலியை அரசு தர வேண்டும். எந்தப் பகுதியில் யாரிடம் எவ்வளவு வசூல், எத்தனை மறுப்புகள், எத்தனை ஏற்பு என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? ஏப்ரல் 14க்குக் கொடியேற்றி, சோறு போட்டு, மைக் கட்டுகிறோம். நல்லது. அதே பந்தலில் ஒரு மேசை போடுங்கள். ஒரு மடிக்கணினி, ஒரு சட்ட மாணவர். தெருவில் இருக்கிற ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் போட்டு நிலுவை அபராதம் பாருங்கள். படத்தைத் திறந்து பாருங்கள். தவறானதைப் பொறுக்கி எடுத்து, தனித்தனியாக இல்லாமல் கட்டாகச் சேர்த்து மறுப்பு போடுங்கள். ஒருவர் போனால் "நீ" என்பார்கள். ஐம்பது பேர் எழுத்தில் கேட்டால் பதில் எழுதியாக வேண்டும்.

இன்னொன்று, நமக்குள்ளேயே. படித்த பிள்ளைகளாகிய நாம் அப்பா அம்மாவிடம் "ஆயிரம்தானே, நான் கட்டிடுறேன், விடுங்க" என்கிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாசம் அவர்கள் தலையில் இன்னொரு முறை குற்றத்தை ஏற்றி வைக்கிறது. நானும் கட்டியிருப்பேன். படத்தில் கார் இருந்தது பொறுக்காமல்தான் கட்டவில்லை.

அபராதம் ரத்தான செய்தியைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் தப்பு பண்ணலன்னு அவன்கிட்ட எழுதி வாங்குனியா?" என்று கேட்டார்.

வாங்கவில்லை. ரத்து என்று மட்டும்தான் இருக்கிறது. ஏன் ரத்து என்று எழுதித் தரச் சொல்லி, அப்பாவின் பெயரில், அப்பாவின் கையெழுத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை விடப்போவதில்லை.